உள் போல்ட்

மைசூர்
14 ஜூன் 2025

அன்புள்ள ரோசலின் அக்காவுக்கு,

போல்ட் என்ற சொல் கதவின் எந்தப் பக்கத்துக்குச் சொந்தம்? நலம் விசாரிப்பதற்கு முன்பே கேள்வி கேட்கிறாளே என்று நினைக்காதே. நேற்று வகுப்பில் என்னிடம் இதைக் கேட்டார்கள். 

ஒவ்வோர் ஆண்டும் மூன்றாமாண்டு மாணவர்களிடம், வீட்டில் புழங்கும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து அதன் பிறப்பையும் பொருள்களையும் தேடி வரச் சொல்வேன். ஹனூர்ப் பக்கத்துப் பெண் சௌம்யா போல்ட்டை எடுத்துக்கொண்டாள். ஒழுங்காகத் தேடியிருந்தாள். முதலில் அது அம்பு. விசைவில்லில் வைத்து எய்யும், தலை கனத்த குட்டை அம்பு. அந்த வடிவத்தால் கதவுக்குப் போடும் இரும்புக்கும் அதே பெயர் வந்தது. அம்பு போலப் பாய்ந்து ஓடுவதும் போல்ட்தான். மெல்லாமல் விழுங்குவதும் அதுதான். எல்லாம் சொல்லிவிட்டு உட்காரப் போனவள் திரும்பி நின்றாள்.

"மேடம், பயமா இருந்தா நாங்க உள்ளாற போல்ட் போட்டுக்குவமுங்க. எங்க சித்தப்பா, லவ்வுன்னு கேள்விப்பட்டு, அவரு புள்ளைய உள்ள தள்ளி வெளிய போல்ட் போட்டாருங்க. ரெண்டுக்கும் ஒரே பேருங்களா?"

வகுப்பு சிரித்தது. நான் அடுத்த மாணவனைக் கூப்பிட்டேன்.

என் போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது. புதிது வாங்கும்வரை கடிதம்தான். கல்லூரி முகவரிக்கே எழுது. கார்ல் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான். எனக்கு இடது கை மோதிர விரலில் கட்டு, கதவில் நசுங்கியது. வேறு விசேஷம் இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஈவ்லின்

*

திண்டுக்கல்
22 ஜூன் 2025

என் தங்கச்சி ஈவ்லினுக்கு அக்காவின் முத்தம்.

மாதா புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறேன். முழங்காலை மாற்ற வேண்டும் என்று டாக்டர் தேதி குறித்துவிட்டார். ஆயுசு முழுக்க வார்டில் நின்ற கால், அதுவும் என்ன செய்யும்.

நீ எழுதியதில் பாதி புரிந்தது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் மனநோய் வார்டுக்கு வெளியே போல்ட், நர்ஸ் ரூமுக்கு உள்ளே போல்ட். இரண்டையும் போட்டது நான்தான். ஒரே பேரா, வேற பேரா என்று யோசிக்க நேரம் இருந்ததில்லை.

கார்ல் ஏன் வேலையை விட்டான்? வால்டர் கண்ணை மூடிய பிறகு உனக்கு இருப்பது பெற்ற பிள்ளை அவன் ஒருத்தன்தான், அவனைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். மேலதிகாரியோடு சண்டையா? உடம்புக்கு ஏதாவதா?

இன்னொன்று. கதவில் நசுங்கினால் நகம் கறுத்துப் போகும். கறுத்திருக்கிறதா?

உனக்காக ஜெபிக்கும்
ரோசலின்

*

மைசூர்
12 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே ஒரு குறையும் இல்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடியட்டும்.

சௌம்யா விட்ட இடத்திலிருந்து நானும் தேடினேன். அம்பாவதற்கு முன்னால் அந்தச் சொல் என்னவாக இருந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஜெர்மானிய மொழிகளில் அதற்கு உறவுச் சொற்கள் உண்டு. அவற்றுக்கும் பின்னால் தாக்குவது, அடிப்பது என்று பொருள்படும் ஒரு வேர் இருந்திருக்கலாம் என்கிறார்கள். 'இருக்கலாம்' என்று அகராதிக்காரர்கள் எழுதினால் நான் அதைத் தாண்டிப் போய்விடுவேன். இந்த முறை அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

என் அறைக்கு உள்பக்கம் ஒரு போல்ட் போட்டேன். தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கடையில் வாங்கினேன். தச்சர் மஞ்சுநாத் வந்தார். வெளியே ஏற்கெனவே பழைய பித்தளைப் போல்ட் இருக்கிறதல்லவா, அதைத் தட்டிப் பார்த்து, "ஒளகடெயா, ஹொரகடெயா மேடம்?" உள்ளேயா வெளியேயா என்று கேட்டார். உள்ளேதான் என்றேன். என் விரல் கட்டைப் பார்த்தார். எடுத்த சின்ன ஸ்க்ரூவைப் பெட்டியில் போட்டுவிட்டு நீளமானதை எடுத்தார்.

அறைகளின் உள் போல்ட்களை வால்டர் கழற்றிப் போட்டது உனக்கு நினைவிருக்கும். கார்லுக்கு அப்போது மூன்று வயது. இதே அறைக்குள் போய்ப் போல்ட்டைப் போட்டுக்கொண்டான், திறக்கத் தெரியவில்லை. உள்ளே அலறினான். வால்டர் வெளியே தரையில் உட்கார்ந்து, "குமிழைத் தூக்கு ராஜா, இந்தப் பக்கம் இழு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் கதவை உடைக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றினார்.

இப்போது எதற்குப் போல்ட் என்று கேட்பாய். ஒரு பூனை வந்து தொந்தரவு செய்கிறது.

ஈவ்லின்

*

திண்டுக்கல்
19 ஜூலை 2025

ஈவ்லின்,

நான் சுகம். நீ சுகமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகக் கேட்கிறேன்.

பூனைக்கு எதற்கடி நீள ஸ்க்ரூ? நகம் கறுத்ததா என்று கேட்டேன், நீ ஜெர்மனிக்குப் போய்விட்டாய். கார்ல் உன்னை அடிக்கிறானா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. அகராதி வேண்டாம்.

ரோசலின்

*

திண்டுக்கல்
24 ஆகஸ்ட் 2025

ஈவ்லினுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. ஆபரேஷன் ஆகிவிட்டது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை போகிறேன். இல்லாவிட்டால் பஸ் ஏறியிருப்பேன்.

டேவிஸை விட்டு உன் கல்லூரிக்குப் போன் போடச் சொன்னேன். என் மகன் கன்னடம் பேசும் அழகுக்கு அவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ தெரியாது. நீ பாத்ரூமில் வழுக்கி விழுந்து லீவில் இருக்கிறாயாம்.

நர்ஸிடம் வந்து பாத்ரூமில் விழுந்தேன் என்று சொன்ன பெண்களை எத்தனை பேர் பார்த்திருப்பேன். எழுது. மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

ரோசலின்

*

மைசூர்
6 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

ஆமாம்.

விரல் கதவில் நசுங்கவில்லை. உன்னோடு பேசிக்கொண்டிருந்தபோது, பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்தேனே, அப்போது போனைப் பிடுங்கினான். நான் விடவில்லை. விரலை முறுக்கினான், சத்தம் கேட்டது. போனைச் சுவரில் அடித்தான். திரும்ப எடுத்து அடித்தான். கண்ணாடித் தூள் ரசத்தில் விழுந்தது.

பாத்ரூமிலும் வழுக்கவில்லை. தோசைக்குச் சட்னி இல்லை. என் தலைமுடியைப் பிடித்து வாஷ்பேசின் விளிம்பில் மோதினான். மேல் வரிசையில் இரண்டு பல் போயிற்று. அவற்றைக் கழுவி எடுத்துவைத்திருக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை. வகுப்பில் இப்போது சில எழுத்துகள் எனக்குச் சரியாக வருவதில்லை. மாணவர்கள் சிரிக்காமல் இருக்கிறார்கள். அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அவனுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்பாய். ஒன்றும் வேண்டாம். குடிப்பதில்லை. பெங்களூரில் என்ன நடந்தது என்று கேட்ட அன்று காதில் அறைந்தான், பிறகு நான் கேட்கவில்லை. ஏதாவது ஒரு காரணம் கிடைத்திருந்தால் அதைப் படித்துப் புரிந்துகொள்ள முயன்றிருப்பேன். அடித்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறான். எப்போதும். துடைத்துக்கொண்டு, "சாப்பாடு போடும்மா" என்கிறான். போடுகிறேன்.

போல்ட் தாங்குகிறது. அவன் உதைக்கும்போது கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

யாரிடமும் சொல்லாதே.

ஈவ்லின்

*

திண்டுக்கல்
14 செப்டம்பர் 2025

என் ஈவ்லின்,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு வாக்கரைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். டேவிஸ் பயந்துவிட்டான். அந்தப் பயலைப் பிறந்த அன்று இந்தக் கையால் துடைத்து உன் பக்கத்தில் படுக்கவைத்தேன்.

இரண்டே வழி. ஒன்று, கட்டின சேலையோடு கிளம்பி இங்கே வா. இல்லை, போலீசுக்குப் போ. மாமியார் நாத்தனார் என்று யாரும் இல்லை உனக்கு, யாருக்குப் பயப்படுகிறாய்?

உங்கள் தெரு ஜெபக் கூட்டத்தின் அன்பியத் தலைவி ஸ்வீட்டிக்குப் போன் செய்தேன். கோபப்படாதே. ஜெபிக்கச் சொன்னேன், அவ்வளவுதான். நம்ம ஆள், வாயைத் திறக்க மாட்டாள்.

அக்கா

*

மைசூர்
28 செப்டம்பர் 2025

அக்கா,

உடம்பு தேறி வருகிறது என்று நினைக்கிறேன். வாக்கரை எறியாதே.

சொல்லாதே என்று எழுதியிருந்தேன். ஸ்வீட்டி இருபது குடும்பங்களுக்குத் தலைவி. அவள் ஜெபிப்பது சத்தமாகத்தான்.

திண்டுக்கல்லுக்கு வர மாட்டேன். ஓய்வுபெற இன்னும் பதினொரு வருஷம் இருக்கிறது. வீடு வால்டர் கட்டியது. ஓட வேண்டியவள் நானா? போல்ட்டுக்கு ஓடுவது என்றும் பொருள் உண்டு என்று நானே எழுதினேன், அதைச் சொல்லிக்காட்டாதே.

போலீஸ் ஸ்டேஷன்வரை ஒருநாள் போனேன். வாசலில் நின்றேன். அடித்தது யார் என்று கேட்பார்கள். கேட்டால் ஒரு சொல் சொல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் சொற்களை வைத்துப் பிழைத்தவளுக்கு அந்த ஒன்று வாயில் வரவில்லை. ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டேன்.

ஈவ்லின்

*

திண்டுக்கல்
7 அக்டோபர் 2025

ஈவ்லினுக்கு,

ஜெபமாலை அன்னையின் திருநாள் இன்று. பூசைக்குப் போக முடியவில்லை, டிவியில் பார்த்தேன்.

உனக்கு நம்பிக்கை இல்லை என்பதற்காக மற்றவர்கள் கை கட்டிக்கொண்டிருக்க முடியாது. ஜெபத்தால் யாரும் கெட்டதில்லை. இந்த மாதம் மாதா சிலையை வீடு வீடாகக் கொண்டுபோகிறார்கள், உன் வீட்டுக்கும் வருவாள் என்று ஸ்வீட்டி சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிடாதே. வீட்டுக்குள் நாலு பேர் வந்துபோனால் அவனுக்கும் ஒரு கூச்சம் வரும்.

ரோசலின்

*

மைசூர்
20 அக்டோபர் 2025

அக்கா,

நலமாக இருப்பாய். இதை வலது பக்கம் சாய்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை மாதா சுரூபம் எங்கள் வீட்டுக்கு வந்தது. கார்ல்தான் மேசைக்கு வெள்ளைத் துணி விரித்தான். பித்தளை மெழுகுவர்த்தி ஸ்டாண்டைப் புளி போட்டுத் தேய்த்தான். "வாங்க ஆன்ட்டி, உக்காருங்க ஆன்ட்டி" என்று எல்லோருக்கும் நாற்காலி போட்டான். "இப்படிப் புள்ள யாருக்குக் கெடைக்கும்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

ஜெபமாலையின் ஐந்து பத்துமணியும் சொல்லி முடிந்தது. மன்றாட்டுகள். ஸ்வீட்டி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "இந்த வீட்டுத் தாயின் கண்ணீரைத் துடைத்தருளும். பெற்றவள் மேல் கை ஓங்கும் மகனின் மனதை மாற்றியருளும். ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

கூடம் முழுக்க ஒரே குரலில், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. என் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த கார்லும் சொன்னான்.

காபி, வடை கொடுத்தான். கேட்வரை போய் வழியனுப்பினான். திரும்பி வந்து வெளிக்கதவைச் சாத்திப் போல்ட் போட்டான். என் அறைக்கும் எனக்கும் நடுவில் அவன் நின்றான்.

முதலில் சுரூபத்தை எடுத்து அலமாரி மேல் வைத்தான். அது உடைந்துவிடக் கூடாதாம், அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதாம். பிறகு மெழுகுவர்த்தி ஸ்டாண்டை எடுத்தான். "சொல்லு, கேட்டருளும்னு சொல்லு" என்று ஒவ்வோர் அடிக்கும் கேட்டான். நான் சொல்லவில்லை. இரண்டு விலா எலும்பு என்கிறார் டாக்டர். அவரிடம் மாடிப்படி என்று சொன்னேன்.

மறுநாள் மாலை சுரூபத்தை எடுத்துப்போக வந்தார்கள். என் முகத்தைப் பார்த்த ஸ்வீட்டி மாதாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். 

நீ வருத்தப்பட வேண்டும் என்று எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஈவ்லின்

*

திண்டுக்கல்
26 அக்டோபர் 2025

ஈவ்லின்,

என்ன எழுதுவதென்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்தேன்.

மூச்சை இழுக்கும்போது குத்தினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. நவம்பர் 8 சனிக்கிழமை டேவிஸ் காரில் வருகிறேன். அதற்கு முன்னால் டாக்டர் விட மாட்டேன் என்கிறார். அதுவரை போல்ட்டைத் திறக்காதே. அவன் என்ன சொன்னாலும் திறக்காதே.

அக்கா

*

மைசூர்
2 நவம்பர் 2025, மாலை

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. அதை ஒழுங்காக வாசித்தேன். ஆனாலும் திறந்தேன்.

இன்று கல்லறைத் திருநாள். காலையில் இருவரும் வால்டரின் கல்லறைக்குப் போனோம். கார்ல் புல்லைப் பிடுங்கினான், சாமந்தி வைத்தான், மெழுகுவர்த்தி காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றான். வீட்டுக்குள் வந்ததும், "அப்பாவுக்கு நீ ஏன் அழல?" என்றான். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அறைக்குள் போய்ப் போல்ட் போட்டேன்.

உதைத்தான். கீழ்ப் பலகையில் விரிசல் விழுந்தது. "சாவு, உள்ளயே சாவு" என்றான். போல்ட் அசையவில்லை. பிறகு ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவை ஒட்டி அவன் குரல் கேட்டது. "அம்மா, சாரி. பசிக்குதும்மா. தெற."

பசி என்றான், திறந்தேன். இதற்கு மேல் இதில் விளக்கம் இல்லை.

மூலையில் இருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்தான். தோளில் ஒன்று, கன்னத்தில் ஒன்று. கீழே விழுந்ததும் நெஞ்சின் மேல் முழங்காலை வைத்து, பெட்டியின் வயரைக் கழுத்தில் சுற்றி இழுத்தான். உடைந்த விலா உள்ளே நகர்ந்தது தெரிந்தது. அவன் முகம் எனக்கு மிக அருகில் இருந்தது. அதில் கோபம் இல்லை. இறுகிப்போன திருகாணியைத் திருப்புகிறவன் முகம் மாதிரி இருந்தது. பிறகு கண் இருட்டியது.

கண் திறந்தபோது குழாய்ச் சத்தம். அறையை ஒட்டிய பாத்ரூமில் அவன் கை கழுவிக்கொண்டிருந்தான். சோப்பு வாசனை வந்தது. தரையோடு ஊர்ந்து வெளியே வந்தேன். கதவை இழுத்து, வெளிப்பக்கத்துப் பித்தளைப் போல்ட்டைப் போட்டேன். வருஷக்கணக்காகத் தொடாதது. சுலபமாகப் போயிற்று.

கண்ணாடியை உடைத்தான். கட்டிலைத் தூக்கிக் கதவில் மோதினான். என்னைச் சொல்லக் கூடாத பெயர்களில் கூப்பிட்டான், கன்னடத்தில், தமிழில். இப்போது சத்தம் இல்லை. வெளியே சுற்றிப் போய், ஜன்னல் கம்பி வழியாக ரொட்டியும் தண்ணீர் பாட்டிலும் வைத்தேன். எடுக்கவில்லை.

ஸ்வீட்டி வந்து என்னைப் பார்த்துவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். நாளை ஸ்டேஷனுக்குப் போய்விட்டுப் போகலாம் என்றேன். இங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்கிறாள். அடுப்பில் எனக்காகக் கஞ்சி வைத்திருக்கிறாள். ஜெபம் எதுவும் சொல்லவில்லை.

நாளை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். போலீஸ் வந்து போல்ட்டை இழுத்ததும் அம்பு மாதிரி என் மேல் பாய்வான். அல்லது "வாங்க சார்" என்று நாற்காலி போடுவான், அவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டில் ஒன்று.

3 நவம்பர்

நடந்தது இது.

காலையில் ஸ்வீட்டியோடு ஆட்டோவில் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பசவராஜ் என்ற ஏட்டு, என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "யாரு மேடம்?" என்றார். "நன்ன மக" என்றேன். என் மகன். கன்னடத்தில்தான் வந்தது. அவர் எழுதிக்கொண்டார்.

ஒரு கான்ஸ்டபிளையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்தார். வெளிப் போல்ட்டை அவரே இழுத்தார். கதவு திறக்கவில்லை. தள்ளினார், தோளால் இடித்தார். கீழ்ப் பலகை விரிசல் வழியாகக் குனிந்து பார்த்த கான்ஸ்டபிள், உள்ளேயும் போல்ட் போட்டிருக்கிறது என்றார்.

"பாகிலு தெகியப்பா," கதவைத் திறப்பா என்று பசவராஜ் தட்டினார். திரும்பத் தட்டினார். கதவுக்கு மிக அருகில், தரையோடு, கார்லின் குரல் கேட்டது.

"அம்மா நிக்கறாங்களா அங்க? அவங்கள தெருவுக்குப் போகச் சொல்லுங்க. எனக்கு பயமா இருக்கு."

என்ன சொல்கிறான் என்று பசவராஜ் கேட்டார். சொன்னேன். கொஞ்சம் வெளியே போய் நில்லுங்கள் மேடம் என்று கையைக் காட்டினார். ஸ்வீட்டி என் முழங்கையைப் பிடித்தாள்.

நான் போகவில்லை. கதவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விலா வலியில் குரல் பெரிதாக எழும்பவில்லை.

"குமிழைத் தூக்கு," என்றேன். "இந்தப் பக்கம் இழு."

போல்ட் இழுபட்டது. வெளியே வந்தான். சட்டைக் கை ஈரமாக இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. செருப்பைத் தேடினான், ஸ்வீட்டி எடுத்துப் போட்டாள், மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினான். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாடிப்படி என்று சொல்லவில்லை.

பிற்பகல் மஞ்சுநாத் வந்து கீழ்ப் பலகையை மாற்றினார். உள் போல்ட்டின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். ஒன்றுகூடத் தளரவில்லை என்றார்.

ஈவ்லின்